ஊர் திரும்புவோரின் விசுவாசமும் ஊரவரின் கடமையும்

தமிழ்நாட்டிலே, முன்பு அகதி முகாம்கள் என்றும் 2021ஆம் ஆண்டு தொடக்கம் மறுவாழ்வு முகாம்கள் என்றும் அழைக்கப்பட்டுவரும் அந்த வரிசைக் குடியிருப்புகளில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நம்மவர்களுள், இனியும் தாமதிப்பதில்லை, பிறந்த மண்ணுக்கே போய்ச் சேர்ந்துவிடுவது என்று தீர்மானித்துப் பிரயாண ஆயத்தத்தில் இறங்கியிருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தைப் பூர்விகமாகக் கொண்ட அத்தகைய குடும்பத்தார் ஒருவரிடம், போய் எங்கே தங்குவீர்கள், என்ன தொழில் செய்வீர்கள், பிள்ளைகளின் படிப்பு என்னவாகும் என்று கேட்டால், மூன்று கேள்விக்கும் அவர் சொல்லும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: கர்த்தர் வழிநடத்துவார். இந்த மறுமொழியைக் கேட்டுக் கண்கலங்குவோரும் உளர். உலகம் அறியாதவர்களின் பேச்சு என்று ஒதுக்குவோரும் உளர். இவ்விரு சாராரும் அம்மறுமொழியைத் தமக்கு வசதியான முறையிலே பொருள்கொள்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். அக்குடும்பத்தின் விசுவாசம் மெய்யானது. அது சோம்பலும் அன்று, அறியாமையும் அன்று. ஆனால் அவர்கள் கடவுளை நம்பி வருகிறார்கள் என்பதைக் காரணமாக்கிக்கொண்டு, வலிகாமத்துச் சுன்னாகத்திலும் அதன் அயலிலும் இருக்கின்ற நாம், சபையாரும் உறவினரும் அரசாங்கமும், நம் பங்குக்கு உரியதையும் கடவுளின் தலையிலே சுமத்திவிட்டு வாளாவிருப்பது தகாது.

கடல் கடந்து போவதும் கடல் கடந்து திரும்புவதும் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியன அல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையிலும் அதையடுத்து வட்டுக்கோட்டையிலும் ஊழியம் தொடங்கிய பின்னர், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் எழுந்து, ஆங்கிலம் கற்ற ஒரு தலைமுறை உருவாயிற்று. அத்தலைமுறையின் மக்களும் பேரரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞராய்ப் போய், ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து, ஊரிலே கல்வீடு கட்டிக் குடியிருந்தனர். மலாயாப் பென்சன்காரர் என்ற பெயர் இன்றும் வலிகாமத்து முதியோர் வாயில் மரியாதையோடு வழங்குகிறது. பின்னாளிலே தமிழினத்தின் தந்தை என்று போற்றப்பட்ட சா. ஜே. வே. செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரிலே பிறந்த கிறிஸ்தவப் பிள்ளை. அவருக்கு நான்கு வயதாயிருந்தபோது, தாயார் அன்னம்மா, கணவர் வேலுப்பிள்ளை தொழிலின் பொருட்டு அங்கேயே தங்கியிருக்க, பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு அவர்களைத் தெல்லிப்பழைக்கு அழைத்துவந்தார். சுன்னாகத்திலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க ஊர் அது. சிறு பிள்ளைகளோடு வங்கக் கடலைக் கடந்துவந்த அந்த அம்மையார் என்ன ஜெபம் செய்தார் என்பது எந்தச் சரித்திர நூலிலும் இல்லை. ஆனால் அவர் வந்து இறங்கியபோது ஊரிலே உறவினர் இருந்தனர், வீடு இருந்தது, மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது, ஆலயத்திலே அவரை அறிந்த முகங்கள் இருந்தன. நம்பி வந்தவரைத் தாங்கிக்கொள்ள ஊர் ஆயத்தமாக நின்றது. அந்த ஆயத்தம் இன்று உண்டா என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா.

ஏனெனில் இன்று திரும்புவோர் ஓய்வூதியம் பெற்று வருபவர் அல்லர். 1983 யூலைக் கலவரத்தின் பின்னரும், 1990இலே யுத்தம் மீண்டும் மூண்டபோதும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே காலியான அந்தப் பெரும் இடப்பெயர்வின் பின்னரும், 2006இலும், மன்னார்க் கரையிலிருந்து இரவோடிரவாகப் படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுள் எத்தனையோ குடும்பங்கள் இதற்கு முன்னரும் திரும்பி வந்து பார்த்தவை. 1987ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தை நம்பி ஒரு தொகுதியினர் வந்தனர். 1992 தொடக்கம் 1995 வரை இந்திய அரசாங்கத்தின் ஏற்பாட்டிலே ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். வந்தவர்களுட் பலரை அடுத்த யுத்தம் மறுபடியும் கடலிலே தள்ளியது. திரும்புதல் என்ற சொல்லே அக்குடும்பங்களுக்கு ஒரு காயம். ஒப்பந்தங்களை நம்பி வந்து ஏமாந்தவர்கள் இம்முறை கடவுளை மட்டும் நம்புகிறோம் என்று சொன்னால், அதனுள்ளே மனிதர்மீது வைத்த நம்பிக்கை மறுபடியும் மறுபடியும் பொய்த்துப்போன அநுபவமும் சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்கும்போது நாம் மெச்சிக்கொள்வதற்கு எதுவும் இல்லை. தலைகுனிவதற்கு நிறைய உண்டு.

இந்த விசுவாசம் கைகட்டி உட்கார்ந்திருப்பதன்று என்பதற்கு அவர்களுடைய ஆயத்தங்களே சாட்சி. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வந்துவிடுவதில்லை. பெற்றோரின் பிறப்பு அத்தாட்சியையும் விவாகப் பதிவையும் முன்வைத்துச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திலே பதிவு செய்து பெற்றுக்கொள்ள வேண்டும். படகிலே ஏறியபோது உடுத்த துணியோடு ஏறியவர்களிடம் அந்தப் பத்திரங்கள் எங்கே இருக்கும்? செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரகாசன் 1984இலே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இத்தகைய அத்தாட்சிகளைத் தேடி எடுத்துக் கொடுப்பதையே பல ஆண்டுகளாக ஒரு பெரும் பணியாகச் செய்துவந்தது. அதன் பின்னர் முகாம் இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்திலே அநுமதி, நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான பத்திரம், பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்லூரிப் பட்டங்களுக்கு அத்தாட்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக அலைச்சல். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் விமானச்சீட்டும் மீள்குடியமர்வுக்கென ஒரு சிறு தொகையும் கொடுத்துவந்தது. ஆனால் விமானத்திலே நாற்பதாண்டு வாழ்க்கையின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்ற முடியாது. தையல் இயந்திரம், தச்சு ஆயுதம், பிள்ளை பரிசாகப் பெற்ற புத்தகங்கள், இவற்றை விற்பதா, அயலாருக்குக் கொடுப்பதா என்பது ஒவ்வொரு குடும்பத்திலும் கண்ணீரோடு தீர்க்கப்படும் விவகாரம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரிலே தொடங்கி, இடையிலே நின்று, 2024 ஓகஸ்டிலே மறுபடியும் ஓடத் தொடங்கிய கப்பற்சேவையின்மேல் இவர்கள் இத்தனை ஆசை வைத்திருப்பதன் காரணம் இதுவே. காங்கேசன்துறையில் இறங்கினால் தெல்லிப்பழை, மல்லாகம், அடுத்தது சுன்னாகம். கொழும்பு வழியாகச் சுற்றிவரும் சிரமம் இல்லை.

வேதாகமத்தை வாசிக்கும் குடும்பத்தார்க்கு இவ்வகை ஆயத்தம் புதிதன்று. பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய ஜனங்களின் வரலாற்றிலே, நம் காலத்து அகதி முகாம்களையும் கந்தோர்களையும் அப்படியே காணலாம். எஸ்றா என்னும் வேதபாரகன், அரசனிடத்திலே படைவீரரையும் குதிரைவீரரையும் காவலுக்குக் கேட்க வெட்கப்பட்டான். தன் தேவனின் கரம் தங்களோடு இருக்கிறதென்று அரசனுக்கு முன்னரே சொல்லிவிட்டபடியால், இனிக் காவல் கேட்பது எப்படி என்பது அவனுடைய தயக்கம். ஆகவே அகாவா நதியண்டையிலே உபவாசம் கூறி, காவலின்றியே புறப்பட்டான். இந்தப் பகுதியை நம்முடைய பிரசங்கிமார் அடிக்கடி எடுத்தாள்வர். ஆனால் அதே எஸ்றா, ஆலயத்துக்கென்று கொண்டுபோன வெள்ளியையும் பொன்னையும் புறப்படுமுன் ஆசாரியர் பன்னிருவரிடம் நிறுத்து ஒப்படைத்தான் என்பதையும், எருசலேமிலே நாலாம் நாள் மறுபடியும் எண்ணி நிறுத்து எழுதிவைக்கச் செய்தான் என்பதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. காவலுக்குக் கடவுளை நம்பியவன் கணக்குக்குத் தராசை வைத்திருந்தான்.

அவனுக்குப் பின்வந்த நெகேமியாவோ வேறு வகையானவன். ஜெபித்துவிட்டே அரசன் முன்னிலையில் வாய்திறந்தான் எனினும், கேட்டது முழுவதும் பத்திரங்கள்: நதிக்கு அப்புறத்து அதிபதிகள் தன்னைத் தடுக்காமல் வழிவிடுவதற்குக் கடிதங்கள், அலங்கத்துக்கும் தான் தங்கும் வீட்டுக்கும் மரம் கொடுக்கும்படி அரச வனத்தின் காவலனுக்கு ஒரு கடிதம். இராணுவச் சேர்வைக்காரரும் குதிரைவீரரும் கூட வந்தனர், அவன் மறுக்கவில்லை. இருவருள் எவனுடைய விசுவாசம் பெரிது என்று வேதாகமம் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவர்க்கும் தேவனுடைய தயவுள்ள கரம் துணையிருந்தது என்றே அது கூறுகிறது. இன்னும் ஒன்று: திரும்பிவந்த ஜனங்களின் இடாப்பிலே, தங்கள் பிதாக்களின் வம்சத்தை நிரூபிக்கத்தக்க அட்டவணையைத் தேடியும் கண்டெடுக்க முடியாத குடும்பங்கள் சில தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. பத்திரம் தொலைந்தபடியால் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்ட அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், பிறப்பு அத்தாட்சி இல்லாதபடியால் அடையாள அட்டை பெறமுடியாது பிரதேச செயலகத்து வாங்கிலே காத்திருக்கும் நம்மவர்களின் முகமே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்தப் பழைய துன்பத்தை நாம் இன்னும் தீர்த்தபாடில்லை.

பத்திரம் அனைத்தும் இருந்தும் துன்பம் நேரலாம் என்பதற்கு 2025ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே நடந்த சம்பவம் போதும். தமிழ்நாட்டு முகாமிலே நெடுங்காலம் வாழ்ந்து, அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியோடு, முறையான பிரயாணப் பத்திரத்துடன் பலாலியிலே வந்திறங்கிய எழுபத்தைந்து வயது முதியவர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன்னர் சட்டப்படியான துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்ற குற்றத்துக்காக விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்திலே அதற்கு இடமிருக்கலாம். குண்டு விழும் இரவிலே கடவுச்சீட்டோடு துறைமுகத்துக்குப் போய் வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சட்டம் நியாயமுடையதா என்று கேட்பதற்கும் நமக்கு உரிமையிருக்கிறது. அச்சம்பவத்தின் பின் உயர்ஸ்தானிகராலயம் தன் உதவியை நிறுத்திவைத்தது. எதிர்ப்பு எழுந்ததும், இந்நடைமுறை மாற்றப்படும் என்று அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது. சொன்னது போதாது. யுத்தகாலத்திலே உயிர்தப்பக் கடல் கடந்தவர் எவர்மீதும் அக்குற்றம் சாட்டப்படமாட்டாது என்பது பாராளுமன்றத்திலே சட்டமாக எழுத்தில் வரவேண்டும்; உத்தியோகத்தரின் மனப்போக்குக்கு விடப்படலாகாது. நெகேமியா நதிக்கு அப்புறத்து அதிபதிகளின் வாய்ச்சொல்லை நம்பிப் புறப்படவில்லை.

விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது, அதன் கசப்பான பக்கத்தை மறைத்துவிடக்கூடாது. சுன்னாகத்திலிருந்து மேற்கே சில மைல் தூரத்திலே நவாலி இருக்கிறது. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி, இராணுவ நடவடிக்கையினால் இடம்பெயர்ந்த சனங்கள், கடவுளின் வீட்டிலே ஆபத்து வராது என்று நம்பி அங்குள்ள சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் அடைக்கலம் புகுந்திருந்தபோது விமானக் குண்டு வீசப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் நம்பவில்லையா? நம்பியே அங்கு கூடினர். ஆகையால் கடவுளை நம்பினால் தீங்கு அணுகாது என்று வலிகாமத்துக் கிறிஸ்தவர் எவரும் இலேசாகச் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லும் பிரசங்கம் இங்கே பொய்ப்பிரசங்கம். இந்த நிகழ்ச்சியை அறிந்தவராய், அதிலே உற்றாரை இழந்தவராயுங்கூட இருந்துகொண்டு, மறுபடியும் இதே மண்ணுக்கு வர ஜெபிப்பவரின் விசுவாசம், பாதுகாப்புக்கு உத்தரவாதம் கேட்கும் பேரமன்று. என்ன நேர்ந்தாலும் அவருடைய கைக்குள்ளே இருக்கிறோம் என்கிற ஒப்புவித்தல் அது. அதை நான் வணங்குகிறேன். அதை வணங்குகிற அளவுக்கே, அதனைச் சோதனைக்கு உள்ளாக்கும் மனிதச் செயல்களின் மேல் எனக்குக் கோபமும் வருகிறது.

காணி விஷயம் அத்தகையது. எரேமியா தீர்க்கதரிசி, எருசலேம் முற்றுகையிடப்பட்டுத் தாம் காவலிலே அடைபட்டிருந்த வேளையில், ஆனதோத்திலுள்ள வயலைத் தம் தகப்பனாரின் சகோதரர் மகனிடமிருந்து பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதுவித்து, முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்திலே இட்டு நெடுங்காலம் இருக்கும்படி வைப்பித்தார். எதிரி கையிலே விழப்போகும் நிலத்துக்கு எவராவது பணம் கொடுப்பரோ? திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையின் வெளித்தோற்றமே அந்த உறுதி. நம்முடைய தாய்மாரும் அதைத்தான் செய்தனர். படகேறும்போது நகையை விற்றவர்கள் உறுதியை விற்கவில்லை. பொலித்தீன் பையிலே சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு கடல் கடந்தனர். முகாமிலே மழை ஒழுகும் கூரையின் கீழ் முப்பதாண்டு அதைக் கரையான் அரிக்காமற் காத்தனர். நொத்தாரிசின் பழந்தமிழிலே பரப்புக் கணக்கும் நாற்புற எல்லையும் குறித்து, வீடும் வளவும் பயன்தரு மரங்களும் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அடங்கலாக என்று எழுதப்பட்ட அந்தத் தாள்களை விரித்துப் பார்ப்பதும் அவர்களுக்கு ஒரு வகையிலே ஜெபமாகவே இருந்திருக்கும்.

அந்த உறுதியோடு வந்து ஒழுங்கையிலே நிற்கும்போது அவர்கள் காண்பது யாது? எல்லைக் கதியால் நகர்ந்திருக்கும், வேலி மதிலாகியிருக்கும், வளவிலே வேறொருவர் குடியிருப்பார். பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது நம் நாட்டின் பழைய சட்டம். யுத்தத்தால் துரத்தப்பட்டவர்மீது இச்சட்டம் அநீதியாகப் பாயும் என்பதை உணர்ந்து, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால், 1983 மே தொடக்கம் 2009 மே வரையுள்ள காலத்தை அக்கணக்கிலே சேர்க்கலாகாது என்று ஒரு விசேட ஏற்பாடு செய்தனர். நல்ல காரியம். ஆனால் அதன்கீழ் வழக்கிடுவதற்கு இரண்டே ஆண்டு தவணை கொடுத்தனர். முகாமிலே இருந்தவர் அச்செய்தியை அறியுமுன்னரே தவணை கழிந்துவிட்டது. திரும்பிவருவோருக்கு அத்தவணையை மறுபடியும் திறந்துவிடுவது, பணச்செலவில்லாமல் அரசாங்கம் செய்யக்கூடிய உதவி. வடக்கே பலாலி, மயிலிட்டிப் பக்கத்தாரின் நிலைமை இன்னும் கொடிது. அவர்களிற் பலருடைய காணி இன்னும் இராணுவத்தின் வேலிக்குள்ளே இருக்கிறது. 1990இலே அங்கிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்கள் சுன்னாகத்துச் சபாபதிப்பிள்ளை முகாமிலும் அயலிலிருந்த கண்ணகி முகாமிலும் தலைமுறை கடந்து காத்திருந்ததை நாம் கண்ணாற் கண்டவர்கள். கடல் கடக்காமலே அகதியானவர்கள் அவர்கள்.

கிணற்றிற் பங்கு என்று உறுதியிலே எழுதியிருக்கிறதே, அந்தக் கிணற்றின் கதையையும் சொல்லவேண்டும். வற்றாத நதியோ பெருங்குளமோ இல்லாத இக்குடாநாட்டிலே, சுண்ணாம்புக் கல்லுக்கு அடியிலே தங்கும் மழைநீரே நமக்கு எல்லாம். சுன்னாகத்துச் செம்மண் தோட்டங்களும் தென்மராட்சிவரை பேர்போன நம் சந்தையும் அந்த நீரினால் உண்டானவை. அந்நீரிலே அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கலந்து, 2014, 2015ஆம் ஆண்டுகளிலே கிணற்றுவாளியிலே எண்ணெய் மிதந்ததும், சனங்கள் வீதியில் இறங்கியதும், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலிலே மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் எனத் தீர்த்ததும் இந்நாட்டின் சுற்றாடல் வழக்குகளிலே முக்கிய இடம்பெற்றுவிட்டன. முகாமின் குழாயடியிலே குடத்தோடு வரிசைநின்ற காலமெல்லாம், எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் தேனாயிருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த தாய், வந்து இறங்கியதும் முதலிற் கேட்கவேண்டியது இந்தக் கிணறு குடிக்கத் தக்கதா என்பதே. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நாம். வருவோர்க்குரிய வளவின் கிணற்றுநீரை முன்கூட்டியே பரிசோதனைக்கு அனுப்பி அறிக்கை பெற்றுவைப்பது எவர்க்கும் பெருங்காரியமன்று.

இவ்வளவு துன்பத்துக்கிடையிலே ஏன் வரவேண்டும் என்று கேட்பாரும் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயமிருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே, இங்கிருந்து புதிதாகப் படகேறித் தனுஷ்கோடிக்குப் போன குடும்பங்களை நாம் மறக்கவில்லை. ஊரிலே இருக்கும் இளைஞர் காணியை விற்றுக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போக வழி தேடும் காலத்திலே, அங்கே பொறியியலும் தாதியியலும் படித்த பிள்ளைகளை இங்கே இழுத்துவருவது புத்தியா என்று அப்பிள்ளைகளே தாய் தகப்பனைக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலே பிறந்து, அந்த மண்ணின் பேச்சுவழக்கையே தம்முடையதாகப் பேசி, அங்கேயே விவாகமும் செய்துகொண்ட ஒரு தலைமுறைக்கு அதுவே ஊர். 2019ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஈழத்தமிழரைச் சேர்க்காமல் விட்டது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதே என் துணிபு. அங்கே தங்கிவிட விரும்புவோரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று எந்தச் சபையும் சொல்லத் துணியலாகாது. திரும்பாமற் பாபிலோனிலே தங்கிய யூதர்களும் கடவுளின் ஜனங்களாகவே இருந்தனர். ஆனால் திரும்புவதென்று மனப்பூர்வமாக முடிவுசெய்தவர்களைப் பார்த்து, நாங்களே போக நினைக்கிறோம், நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று சிரிப்பது கொடுமை. குடாநாட்டின் பள்ளிக்கூடங்கள் சிலவற்றிலே பிள்ளைத்தொகை குறைந்து வகுப்புக்கள் வெறுமையாகிக்கொண்டிருக்கும் காலத்திலே, பிள்ளைகளோடு வரும் குடும்பம் ஊருக்குக் கிடைக்கும் பாக்கியம்.

பெத்லெகேமுக்குத் திரும்பிவந்த நகோமியை, இவள் நகோமிதானோ என்று ஊரார் அதிசயித்துப் பேசியதோடு நின்றிருந்தால், அவளும் அவள் மருமகளும் பட்டினி கிடந்திருப்பர். போவாஸ் தன் வயலிலே கதிர் பொறுக்க விட்டான். பின்பு நகர வாசலிலே மூப்பர் பதின்மரைச் சாட்சியாக உட்காரவைத்து, அவள் குடும்பத்துக் காணியை மீட்டுக்கொடுத்தான். அவளுடைய ஜெபத்துக்கு விடை ஒரு மனிதன் வழியாகவே வந்தது. வலிகாமத்துச் சபைகளிலே போவாஸின் வேலையைச் செய்யத்தக்கவர்கள் இல்லாமற் போய்விடவில்லை: இளைப்பாறிய கிராம உத்தியோகத்தர், காணிப் பதிவகத்திலே வேலைசெய்தவர், நொத்தாரிசு, ஆசிரியர். இவர்களுள் நால்வர் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் ஆறுமாத அலைச்சலை ஆறு நாளிலே முடிக்கலாம். சபைகளின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட அந்த ஏடுகளிலே பெயர் தேடி ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தால், பிறப்பு அத்தாட்சி தொலைத்தவருக்கு அது துணைச் சான்றாகும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலே படித்த பிள்ளைக்கு இங்குள்ள சாதாரண தரப் பரீட்சையின் வரலாறும், இரண்டாம் மொழியான சிங்களமும் மலைபோல் நிற்கும். மாலையிலே ஆலய மண்டபத்தில் ஓர் ஆசிரியர் ஒரு மணிநேரம் இருந்து சொல்லிக்கொடுத்தால் ஓராண்டிலே அது கடக்கக்கூடிய மலை. அப்பிள்ளையின் பேச்சைக் கேட்டு, இந்தியாப் பிள்ளை என்று கேலிசெய்யாதிருக்க நம் பிள்ளைகளுக்கு நாம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். இது சிறிய காரியம் போலத் தோன்றும். ஆனால் முன்னர் திரும்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக மறுத்ததற்கு இந்தக் கேலியே காரணமாயிருந்ததுண்டு.

போதகர் ஐயாமாருக்கும் ஒரு விண்ணப்பம். வரும் குடும்பத்துக்காக ஞாயிறுதோறும் ஆராதனையிலே ஜெபிப்பது நல்லதே. அதனோடு, அவர்கள் நாகப்பட்டினத்திலே கப்பற்சீட்டு எடுப்பதற்கு முன்னர், சபையின் பெயரால் ஒரு கடிதம் அவர்களுக்குப் போகட்டும். காங்கேசன்துறையிலே அவர்களை எதிர்கொள்ள வருபவர் யார், அங்கே விசாரணை ஏதும் எழுந்தால் உடன் வரும் சட்டத்தரணி யார், வளவு திருந்தும் வரை தங்குவதற்கு எந்த வீடு, உடுவில் பிரதேச செயலகத்துக்கு முதல்நாளே அழைத்துப்போவது யார், பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலே இடம் கேட்டிருக்கிறோம், கிணற்றுநீர்ப் பரிசோதனையின் முடிவு என்ன என்பவை அக்கடிதத்திலே பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுதியவர்கள் அத்தனை பேரும் அன்று துறைமுகத்திலே நிற்கவும் வேண்டும்.